எட்டாம் நம்பர் சீட்டில் யார்?

"என் கண்ணுக்குத் தப்பி இந்த லேப்புக்குள்ள ஒரு கொசுகூட வரவும் முடியாது, போகவும் முடியாது!"

கணினி ஆய்வகப் பொறுப்பாளர் அக்கா இப்படி அறிவித்தபோது அவர் கையில் சாவிக்கொத்து இருந்தது, மேசையில் வருகைப் பதிவேடு இருந்தது, காதோரம் ஒரு கொசுவும் இருந்தது. பதினாறு வருட அனுபவம் பேசும்போது கொசுவைப் பொருட்படுத்தக் கூடாது. மாணவர்கள் அவருக்கு 'சிசிடிவி' என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். அக்காவும் அதை மேடையேறி வாங்கிய பட்டம் போலவே வைத்துக்கொண்டார்.

அந்த வருடம் கணினி படிக்கும் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். புதன்கிழமை மூன்று மணிக்குக் கூட வேண்டும். ஒருத்திக்குப் புரியாததை இன்னொருத்தி சொல்லித்தர வேண்டும். 'இதுகூடத் தெரியாதா?' என்று கேட்பவள் எல்லாருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். துறைத்தலைவர் தாராளமாக அனுமதித்தார். "ஆனா எட்டுப் பேராவது இருக்கணும்மா. மாசக் கடைசியில வந்து பாப்பேன். இல்லேன்னா ரூம் கிடையாது." எட்டுக்கு அப்படி என்ன மகத்துவம் என்று கேட்கக் கூடாது, நிர்வாகம் உச்சரித்த எண்ணுக்கு மகத்துவம் தானாக வந்துவிடும்.

இரண்டாம் புதனன்று மழை மூட்டம். ஏழு பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். குழுவில் மிகச் சின்னவள் தன் நிரலில் எங்கோ பிழை என்று, எல்லார் திரையிலும் தெரியும் குழுவின் பொதுப் பக்கத்தில் எழுதினாள். உடனே அதன் கீழே பதில் முளைத்தது: 'பன்னிரண்டாம் வரியைப் பார்.'

"யாருடி எழுதினது?" என்றாள் தலைவி.

"நான் இல்ல." "நானும் இல்ல." இப்படி ஏழு 'இல்ல' வந்தன.

அப்போதுதான் கடைசி வரிசை மூலையில், எட்டாம் நம்பர் கணினியின் தூசியுறைக்குள் வெளிச்சம் தெரிந்தது, போர்வைக்குள் யாரோ கண் திறந்தாற்போல.

மூன்றாம் புதனும் அதே கதை. பெண்கள் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டார்கள். சிசிடிவி பயப்படலாமா? அக்கா சாவிக்கொத்தை வேல் போல ஏந்தி மூலைக்குப் போனார், உறையை உருவினார். காலி நாற்காலி. திரையில் எழுத்துகள் தாமாக ஓடின. அக்கா ஒற்றை விரலால் தட்டினார்: 'யாரு?'

'நான்தான் அக்கா. ரெண்டு வருஷம் முன்னாடி சேர்ந்து, இந்த சீட்டுல ஒரு வருஷம் உக்காந்திருந்தேன்.'

அக்கா மறுபடி தட்டினார்: 'உயிரோட இருக்கியா?'

'இருக்கேன். வீட்ல இருந்து நெட் வழியா வரேன், என் பாஸ்வேர்டு இன்னும் வேலை செய்யுது. அப்ப கிளாஸ்ல நான் ஒருத்திதான் பொண்ணு. சந்தேகம் கேக்க ஆள் இல்ல. படிப்பை விட்டுட்டேன். உங்க முன்னாடிதான் பையைத் தூக்கிட்டுப் போனேன். நீங்க பதிவேட்டுக்குக் கோடு போட்டுட்டு இருந்தீங்க.'

படிப்பை விட்டவர்களின் பட்டியலை எழுதிக்கொடுத்து அவர்களின் லாகின் கணக்கை மூடவைப்பது அக்காவின் வேலை. போனதே தெரியாதவளை எந்தப் பட்டியலில் எழுதுவது? அக்கா அந்த முகத்தை நினைத்துப் பார்த்தார். காலி நாற்காலிதான் நினைவுக்கு வந்தது. பேய் என்றாலே தேவலை என்று தோன்றியது.

மாதக் கடைசியில் துறைத்தலைவர் வந்தார். தலைகளை எண்ணினார், கணினிப் பதிவைப் பார்த்தார், மறுபடி எண்ணினார். "லாகின் எட்டு, தலை ஏழு. எட்டாவது ஆள் எங்க?"

ஏழு பேரும் தங்கள் திரையையே பார்த்தார்கள். தலைவியின் விரல்கள் மட்டும் எட்டாம் சீட்டுக்காரிக்கு அவசரமாக எதையோ தட்டின. மூலையில் உறையில்லாத திரையில் ஒவ்வோர் எழுத்தாக வந்தது: 'உள்ளேன் ஐயா.'

துறைத்தலைவர் ஓரடி பின்வாங்கி அக்காவின் காலை மிதித்தார். "கொசுகூடத் தப்பாதும்பீங்களே! யாரும்மா இது? எப்ப வந்தா?"

அக்கா சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே வந்தா சார். வந்ததையும் நான் பாக்கல, போனதையும் பாக்கல. எட்டுன்னு எழுதிக்குங்க."