தீவு அக்கா தூக்காத பிள்ளை

வாசற்படியில் பால் போத்தலுக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறக் கம்பளிச் சட்டை ஒன்று பழைய தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. எண்பதுகளின் நடுவில், ஹவுன்ஸ்லோவில், மகள் பிறந்து நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த கிழமை அது. மணிச் சத்தம் கேட்டு நான் மெல்ல எழுந்து கதவைத் திறப்பதற்குள் வைத்தவர் போய்விட்டார். அடுத்த நாள் ஒரு தொப்பி வந்தது, பிறகு காலுறைகள். ஆளைத்தான் காணவில்லை.

வைத்தவர் பக்கத்து வீட்டுக்காரி என்று தெரியும். பசிபிக் கடலில் உள்ள கிறிஸ்மஸ் தீவில் வளர்ந்தவர். கப்பலில் வேலை செய்த ஓர் ஆங்கிலேயரைக் கட்டி லண்டனுக்கு வந்து, அவரும் இறந்த பின் தனியாக இருந்தார். 'தீவு அக்கா' என்று அவருக்குப் பெயர் வைத்தது என் மச்சாள். என் கணவரின் தமக்கையான மச்சாள் எங்களோடுதான் இருந்தார். விமானச் சாப்பாடு அடுக்கும் இடத்தில் காலை ஷிப்ட். தானும் யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் பிறந்தவர் என்பதால் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி மேல் தனிப் பட்சம். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆனாலும் வேலிக்கு மேலால் பொரித்த மீன் கைமாறாத வாரம் இல்லை.

பிள்ளை பிறந்தாலும் ஆள் செத்தாலும் சொந்தக்காரருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு, என்பது எங்கள் வழக்கம். கோயிலுக்குப் போகக் கூடாது. மற்றவர்களும் அந்த வீட்டில் வாய் நனைக்க மாட்டார்கள். லண்டன் குளிரிலும் மச்சாள் இதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார். தீவு அக்கா படியோடு திரும்பிப் போவதைப் பார்த்து அவருக்கு ஒரே பூரிப்பு. முறை தெரிந்த மனுசி, எங்கள் ஆட்களுக்கே இது தெரியவில்லை என்று என்னையும் சேர்த்துக் குத்திக் காட்டினார்.

முப்பத்தோராம் நாள் வீடு கழுவி, ஐயர் வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போனதும், மச்சாள் நேரே போய்த் தீவு அக்காவைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தார். பிள்ளையை நீட்டியபோது தீவு அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் முதுகு முட்டும்வரை பின்வாங்கினார். மச்சாளின் முகம் கறுத்துப்போயிற்று. நான்தான் ஆங்கிலத்தில் காரணம் கேட்டேன்.

அவர் சிறுமியாக இருந்தபோது பிரித்தானியப் படை அங்கே அணுகுண்டுகளை வெடிக்க வைத்துப் பார்த்ததாம். ஒருநாள் விடியுமுன் ஊராரை ஓரிடத்தில் இருத்திக் கம்பளியால் மூடினார்களாம். இறுக மூடிய கண்ணுக்குள்ளும் வெளிச்சம் வந்ததாம். பிறகு கரையில் கண் தெரியாத கடற்பறவைகள் தட்டுத் தடுமாறித் திரிந்தன. அவர்கள் வழக்கம்போல மழைத் தண்ணீரைக் குடித்து, மீனைப் பிடித்துத் தின்றார்கள். லண்டனில் அவர் வயிற்றில் உண்டான பிள்ளை ஒன்றுகூட நிலைக்கவில்லை. ஏன் என்று டாக்டர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. தொட்டால் மற்றவர்களுக்கு ஒட்டாது என்று மட்டும் சொன்னார்கள்.

"என்ன இருக்கிறது என்றே தெரியாதவர்கள், அது ஒட்டாது என்று எப்படிச் சொல்வார்கள்?" என்று என்னைக் கேட்டார். அதனால் அவர் எந்தப் பிள்ளையையும் தூக்குவதில்லை.

நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த மச்சாள் உள்ளே போய், ஐயர் வைத்துவிட்டுப் போன செம்பைக் கொண்டுவந்து, மிச்சத் தண்ணீரைத் தீவு அக்காவின் தலையில் தெளித்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இவர் என்ன குற்றம் செய்தார், தெளிப்பதென்றால் குண்டு வெடிக்க வைத்தவர்கள் தலையிலல்லவா தெளிக்க வேண்டும் என்று சீறினேன்.

"குற்றம் செய்தவைக்கே துடக்கு வாறது? பிள்ளை பெத்த நீர் என்ன குற்றம் செய்தனீர்? எங்களுக்கு முப்பத்தொண்டோடை முடியும் எண்டு தெரியும். இவவுக்கு ஒருத்தரும் நாள் சொல்லேல்லை. இண்டையோடை முடிஞ்சுதெண்டு சொல்லும்," என்றார் மச்சாள்.

சொன்னேன். தீவு அக்கா தண்ணீர் வழிந்த முகத்தோடு சிரித்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, சுடுசட்டியை வாங்குவதுபோலப் பிள்ளையை வாங்கினார். அந்தத் தண்ணீரைத் தான் நம்பவில்லை என்றும், மச்சாள் பயப்படாததைத்தான் நம்பியதாகவும் பின்னாளில் சொன்னார். அதன் பிறகு என் மகள் நடக்கப் பழகியதெல்லாம் அவர் வீட்டு ஹோலில்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அது எதனால் வந்தது என்று அப்போதும் யாரும் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை.

அவரைத் தகனம் செய்த வாரத்தில்தான் கோயில் தேர். மச்சாள் ஒரு வருடமும் தவறவிடாத தேர். அன்று காலை என் கணவர் கார்த் திறப்பைக் கையில் ஆட்டியபடி நின்று கூப்பிட, மச்சாள் குசினியில் அடுப்படியை விட்டு அசையவில்லை.

"அவ எங்கடை சொந்தம் இல்லையே அக்கா," என்றார் இவர்.

"அவவுக்குத் துடக்குக் காக்க வேறை ஆர் இருக்கினம், தம்பி?"

இவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இருந்தார். அந்த வருடம் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் தேருக்குப் போகவில்லை.