ஜாமீனுக்கு இரண்டு பேர்

காக்களூர் தொழிற்பேட்டையில் எங்கள் செம்புக்கம்பி கம்பெனியின் வாசலில் ஒரு துப்பாக்கி நிற்கிறது. எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். "துப்பாக்கி வந்துச்சா?", "துப்பாக்கி சாப்பிடப் போயிருக்கு" என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதருக்கு ஆசீர்வாதம் என்று ஒரு பெயர் இருப்பது சம்பளப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். நான் வாசலை ஒட்டிய எடைமேடையில் குமாஸ்தா. லாரி ஏறி நிற்கும், எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன். பதினோரு வருஷமாக அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல்தான். அவர் கதையைச் சொல்ல என்னைவிட்டால் ஆள் கிடையாது. சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

சோழவரம் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டே காலத்தைக் கழித்தவர்கள். இவர் பதினெட்டு வயதில் ராணுவத்துக்குப் போய், பதினேழு வருஷம் கழித்து நாயக் பதவியோடு திரும்பினார். சொந்தமாக ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி வாங்கி லைசென்ஸும் எடுத்தார். செக்யூரிட்டி ஏஜென்சிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? துப்பாக்கியும் அவருடையது, ஆளும் அவரே. ஏஜென்சி கொடுத்தது ஒரு தொப்பிதான். அதுவும் ஒரு சுற்றுப் பெரியது.

மனைவி ஆரோக்கியமேரி ஆறு வருஷத்துக்கு முன்னால் கிட்னி கெட்டு இறந்துபோனார். பிள்ளை இல்லை. மணவாள நகரில் ஒற்றை அறையில் இருக்கிறார். அந்த அறை கிடைப்பதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. துப்பாக்கியோடு வருகிறவருக்கு வீடு கொடுக்க யாருக்கு மனசு வரும்?

எதிரே குப்புராஜின் டீக்கடை. ஆசீர்வாதம் டீ குடிக்க வந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்துவிடுவார்கள். அது மரியாதை என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். மரியாதையாவது, மண்ணாங்கட்டியாவது. பயம்தான். அவர் நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

தேர்தல் வந்தால் மட்டும் நிலைமை மாறும். லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வரும். இவரும் துணி சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். ஓட்டு எண்ணி முடிக்கும்வரை கையில் ஒரு மூங்கில் தடி. அந்த இரண்டு மாதமும் அவர் வேறு ஆள். பெஞ்சில் உட்கார்வார், மதியம் பேக்கிங் பெண்களோடு சாப்பாடு மாற்றிக்கொள்வார், கேரம் ஆடி எல்லாரையும் தோற்கடிப்பார். இந்த வருஷமும் அப்படித்தான். துப்பாக்கி திரும்பி வந்த அன்று காலையிலேயே பெஞ்ச் காலி. அதே மனிதர், அதே சிரிப்பு. எங்களுக்குத்தான் புத்தி மாறிவிட்டது.

ஜூன் மாதம் ஏஜென்சியிலிருந்து ஜெனிபர் என்ற பெண் ஒரு படிவத்தோடு வந்தாள். எடைமேடை அறையில்தான் உட்கார வைத்தேன்.

"சார், கன்மேன் எல்லாருக்கும் இன்சூரன்ஸ் போடறோம். ஆனா ரெண்டுல ஒண்ணுக்குத்தான் ஏஜென்சி பணம் கட்டும். மொத கட்டம், நீங்க தற்காப்புக்காகச் சுட்டு கேஸ் ஆச்சுன்னா வக்கீலு, கோர்ட்டுச் செலவு எல்லாம் அவங்க பாத்துப்பாங்க. ரெண்டாவது கட்டம், டூட்டில உங்க உசுருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஊட்டுக்குப் பணம் வரும். எது வோணுமோ டிக் பண்ணுங்க."

"தற்காப்புக்குச் சுட்டா சட்டமே தப்பு இல்லேங்குதே, அதுக்கு எதுக்கும்மா வக்கீலு?"

"தப்பு இல்லதான் சார். ஆனா அது தற்காப்புதான்னு கோர்ட்டுல நீங்க நிரூபிக்கணுமே. அதுவரைக்கும் உள்ள தானே?"

ஏஜென்சியில் மொத்தம் ஒன்பது துப்பாக்கிக்காரர்கள். மற்ற எட்டுப் பேரும் குடும்பஸ்தர்கள், யோசிக்காமல் இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்துவிட்டார்களாம். செத்தால் பெண்டாட்டி பிள்ளைக்கு உதவுமே என்ற கணக்கு. ஆசீர்வாதம் சிரித்தார்.

"நான் செத்தா பணம் வாங்க ஊட்டுல யாரு கீறாங்க? எனக்கு மொத கட்டமே போடும்மா."

ஜெனிபர் தாளைத் திருப்பினாள். "அப்ப இதையும் ரொப்பணும் சார். ஜாமீன்தாரர் ரெண்டு பேரு. பேரு, ஆதார், சொந்த வீட்டு வரி ரசீது, சம்மதக் கையெழுத்து. மோகன்ராஜ் கேஸுக்கு அப்புறம் இது இல்லாம எடுத்துக்க மாட்றாங்க."

மோகன்ராஜ் கதை எங்களுக்கும் தெரியும். ஆந்திரா எல்லை தாண்டித் தடாவிலிருந்து வந்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் குடோனில் காவல் நின்றவன். கடப்பாரையோடு மேலே பாய்ந்த ஆளைக் காலில் சுட்டான். இருபதே நாளில் ஜாமீன் கிடைத்தது. ஆனால் இந்த ஊரில் சொந்த வீடு உள்ள இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றது கோர்ட். அந்த இரண்டு பேர் கிடைக்காமல் மேற்கொண்டு இரண்டரை மாதம் புழல் ஜெயிலில் கிடந்தான். வக்கீலைக் காசு கொடுத்துப் பிடிக்கலாம். ஜாமீனுக்கு நிற்கிற மனுஷனை எந்தக் கம்பெனி கொடுக்கும்?

"அடுத்த சனிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன் சார்" என்று ஜெனிபர் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் சோழவரத்துக்குப் போய் அண்ணன் மகன் ஜெரால்டைப் பார்த்தார். அவனுக்கு ஏரிக்கரைப் பக்கம் மாடி வீடு. மறுநாள் அவரே எனக்குச் சொன்னார். "நீ எவனையாச்சும் சுட்டுட்டு வருவ, நான் கோர்ட்டு கோர்ட்டா சுத்திக்கினு இருக்கணுமா சித்தப்பா?" என்று கேட்டானாம். பிரியாணி மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறான். "பிரியாணி நல்லா இருந்துச்சு தம்பி" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார்.

அடுத்து குப்புராஜ். எங்கள் பக்கத்தில் ஜாமீன் கையெழுத்து என்பது பெரிய விஷயமே இல்லை. பைக் லோனுக்கும் சீட்டுக்கும் ஒரு டீயைக் குடித்துக்கொண்டே போட்டுவிடுவோம், படித்துக்கூடப் பார்க்க மாட்டோம். அதே குப்புராஜ் அன்றைக்குப் பாலை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"வண்டி லோனுன்னா கண்ண மூடிக்கினு போட்டுருவேன் நைனா. இது துப்பாக்கி மேட்டரு. பேஜாரு."

வியாழக்கிழமை மத்தியானம் லாரி ஒன்றும் இல்லாத நேரத்தில் அவர் என் ஜன்னலுக்கு வந்தார். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவர் தொப்பியைக் கழற்றிப் பேசி நான் பார்த்ததே இல்லை.

"கேசவா, ஒரு கையெழுத்து வோணும். நான் யாரையும் சுடப் போறதில்ல. இந்த வாசல்ல இதுவரைக்கும் ஒரு வாட்டிகூடச் சுட்டதில்ல. ஆனா ஒரு நாளு அப்படி ஆயிடுச்சுன்னா, எனக்காகக் கோர்ட்டுல வந்து நிக்க ஒரு ஆளு கீதுன்னு தெரிஞ்சா தெகிரியமா நிப்பேன்."

போலீஸ், கோர்ட், என் மனைவி அருணா என்ன சொல்வாள், பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம், எல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வீடு அருணா பேர்ல கீதுண்ணே. என் பேர்ல இருந்தா போட மாட்டேனா?"

அவர் என்னைப் பார்த்தார். "சரிதாம்பா" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியை எடுத்துக்கொண்டார்.

அவர் நாலு அடி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எட்டு வருஷத்துக்கு முன் என் வீட்டுக் கிரயப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். வருவதாகச் சொன்ன சாட்சி கடைசி நேரத்தில் வராமல், திருவள்ளூர் பத்திர ஆபீஸ் வாசலில் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, போன் போட்டதும் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தார். முதல் பக்கத்தில் என் பெயரை வாய்விட்டுப் படித்து, "ஆதிகேசவன், இனிமே நீ ஊட்டுக்காரன்டா" என்று முதுகில் தட்டினார். அவரிடமே போய் வீடு அருணா பெயரில் என்றிருக்கிறேன். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சனிக்கிழமை ஜெனிபர் வந்தபோது இரண்டு பெயர்களுக்கான கோடும் வெறுமையாக இருந்தது. "பரவால்லம்மா, ரெண்டாவது கட்டமே போட்டுக்கோ" என்றார். அதற்கு ஒரே ஒரு வாரிசு பெயர் போதும், சம்மதமெல்லாம் வேண்டாம், ஆதார் நகல் இருந்தால் சரி. ஜெரால்டுக்கு வாட்ஸ்அப்பில் விஷயத்தைச் சொன்னார். நாலு நிமிஷத்தில் ஆதார் வந்துவிட்டது. கூடவே பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கமும் வந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

ஜெனிபர் போனதும் அவர் என் அறைக்குள் வந்து, துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு தோட்டாக்களையும் உருவி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னாண்ணே இது?"

"சுட்டா ரெண்டு பேரு வோணும் தம்பி. செத்தா ஒருத்தன் போதும்."

திங்கட்கிழமை நான் வீட்டு வரி ரசீதோடு வந்தேன். அருணாவிடம் சண்டை போட்டுத்தான் எடுத்து வந்தேன். ஒரு ஆள் வந்துவிட்டால் இன்னொரு ஆளையும் எப்படியாவது பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஜெனிபருக்கு போன் போட்டால், பாலிசி போட்டாயிற்று, அடுத்த ஜூன் வரை மாற்ற முடியாது என்றாள். அவரிடம் ரசீதை நீட்டினேன். வாங்கி, என் பெயர் இருந்த வரியைப் பார்த்துவிட்டு, மடித்து என் பையிலேயே வைத்தார். "உனக்கும் குடும்பம் கீது கேசவா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வாசலில் இப்போதும் அவர் விறைப்பாகத்தான் நிற்கிறார். அது காலித் துப்பாக்கி என்று அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். செம்பு விலை ஏறிக்கொண்டே போகிறது. பக்கத்துக் கம்பெனியில் போன மாதம் சுவர் ஏறிக் குதித்திருக்கிறார்கள். அடுத்த ஜூன் வரை எங்கள் பக்கம் எவனும் வந்துவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். வேண்டிக்கொள்வதற்கு யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.