தண்ணி குடித்த கியர்

மகளுக்கு ஒன்பதாம் மாதம் நடந்தபோது பழைய கார் ஒன்று வாங்கினேன். வலி எடுத்தால் திருவேட்டக்குடியிலிருந்து காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போக வாசலில் வண்டி இருக்க வேண்டும். என் இடது முழங்கால் சரியில்லை, அதனால் கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. “ஆயில் எல்லாம் மாத்தியாச்சுங்க” என்றார் விற்றவர். எந்த ஆயில் என்று கேட்காமலே பணத்தைக் கொடுத்தேன்.

சில நாளிலேயே, பாலம் ஏறும்போது எஞ்சின் இரைந்தும் வண்டி ஒரு கணம் இழுக்காமல் பிடிவிட்டது. கோட்டுச்சேரி மெக்கானிக் கியர் ஆயிலை வடித்தார். சிவப்பாக வர வேண்டியது, பால் ஊற்றிய டீ போல வந்தது.

“எங்கயோ வெள்ளத்துல முங்குன வண்டிண்ணே. கியர் தண்ணி குடிச்சிருக்கு.”

கூட வந்த என் மச்சினன் சிரித்தான். விசைப்படகு எஞ்சின் பார்க்கிறவன்; படகை எங்கள் கரையில் ‘போட்டு’ என்போம்.

“இதுக்கா மாமா மூஞ்சியத் தொங்கப் போட்டீங்க? போட்டு கியர் குடிக்காத தண்ணியா? வடிச்சு, புது ஆயில் ஊத்தி ஓட்டி, திரும்ப வடிக்கணும். வெள்ளை போயிட்டா சரியாயிடும்.”

“போட்டு வேற தம்பி. இதுல கியரைப் பிடிக்கிற தட்டு மேல உராயுற பட்டை ஒட்டியிருக்கும். தண்ணியில ஊறுனா உரிஞ்சிடும், அப்புறம் வண்டி இழுக்காது. பிரிச்சுப் பாக்கணும்.”

“நீங்க பிரிச்சுப் பூட்டுறதுக்குள்ள புள்ள பொறந்து பள்ளிக்கூடமே போயிடும்!”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். தண்ணி குடித்த எஞ்சினுக்கு எங்கள் கரையில் எல்லாரும் செய்வது மச்சினன் சொன்னதுதான். அவன் பக்கம் தலையாட்டினேன்.

பல முறை வடித்த பிறகு ஆயில் சிவப்பாக வந்தது. அதை விரலில் தொட்டு, என் நெற்றியில் குங்குமம் வைக்க வந்தான் மச்சினன். ஆயில் வடித்த பாத்திரத்தின் அடியில் கறுப்பாகத் துகள் கிடந்தது. மெக்கானிக் அதைத் துணியில் தேய்த்துக் காட்டினார்.

“உரிஞ்ச பட்டைதாண்ணே.”

வெள்ளை போய்விட்டதே என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.

மழை பெய்த ஒரு மாலையில் வலி வந்தது. மகளும் மனைவியும் பின்னால் ஏறினார்கள். கோட்டுச்சேரி நெருங்கும்போது எஞ்சின் அலறியது, வண்டி நகரவில்லை. மிதிக்க மிதிக்கக் கருகல் வாடை.

“ஏம்ப்பா நிக்குது?” என்றாள் மகள்.

பின்னால் பஸ் விளக்கு தெரிந்தது. இறங்கி, நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். ஹாரனை விடாமல் அடித்தபடி வந்த பஸ், எனக்கு வெகு அருகில் வழுக்கி நின்றது.

“சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?” என்று டிரைவர் கத்தினார்.

காரைக் காட்டினேன். உள்ளேயிருந்து மகளின் சத்தம் கேட்டதும், அவர் மழையில் இறங்கி ஓடிவந்தார்.