சனிக்கிழமைப் புகை

ஒரு கையில் விளக்குமாறு, மறு கையில் நெருப்புப்பெட்டி. முன்னால் பலாச் சருகும் மாஞ்சருகும் காய்ந்த தென்னோலையுமாக இடுப்பளவு குவியல். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. குச்சியை உரசப் போகிறேன்... அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் வந்து நின்றது.

“பொதுமக்களுக்கு ஓர் அறிவித்தல்! குப்பைகளைத் திறந்த வெளியில் எரிப்பது சட்டப்படி குற்றமாகும். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்!”

எனக்கென்றே வந்து சொன்னது போல இருந்தது. ஓடிப்போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து, இன்னும் பற்றவே வைக்காத குவியலின் மேல் ஊற்றினேன். ஏன் ஊற்றினேன்? கேட்காதீர்கள். பயம் வந்தால் எனக்கு மூளை கொஞ்சம் பிந்தித்தான் வேலை செய்யும்.

அந்தத் தண்ணீர்தான் அடுத்த வில்லங்கம்.

சில நாளில் டெங்குப் பரிசோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் ஒரு தடியால் குவியலைக் கிளறினார். உள்ளே ஒரு தேங்காய்ச் சிரட்டை. சிரட்டைக்குள் தண்ணீர்.

“என்னம்மா இது? நுளம்புக்கு வீடு கட்டிக் குடுத்து வைச்சிருக்கிறியள். உடனை அகற்றுங்கோ.”

“எரிக்கக்கூடாதெண்டு சொல்லுகினமே தம்பி?”

“நான் எரிக்கச் சொல்லேல்லை. அகற்றச் சொன்னனான்.”

“எங்கை அகற்றுறது?”

“அதைப் பிரதேச சபையிலை கேளுங்கோ.”

சபைக்கு ஏன் போக வேண்டும், சபையின் ட்ரக்டர்தான் வாசலுக்கே வருகிறதே என்று நினைத்தேன். வந்தது. வெறும் உரப்பைகளில் சருகைக் கட்டி வைத்துக்கொண்டு காத்து நின்றேன். ட்ரக்டரில் நின்றவர் ஒரு பையைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“இலை குழை ஏத்தமாட்டம் அக்கா. பொலித்தீன், போத்தில் இருந்தால் தாங்கோ.”

அன்றைக்கென்று வீட்டில் ஒரு பொலித்தீன் பை கூட இல்லை. பொலித்தீன் இல்லையே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வெட்கப்பட்டேன்.

கிடங்கு வெட்டிப் புதைக்கலாமே என்பீர்கள். எங்கள் வளவில் ஒரு முழம் வெட்டினால் சுண்ணாம்புக் கல். மண்வெட்டிதான் முறியும்.

சரி, சபைக்கே போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. பொறுமையாகக் கேட்டாள்.

“இலை குப்பையில்லை அன்ரி. அது மரத்துக்குப் போடுற பசளை.”

“அப்ப, குப்பை இல்லாததை எரிக்கலாமோ?”

அவள் பேனையைக் கடித்தாள். எழும்பி உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விளக்கம் தந்தார்.

“பொலித்தீன், பிளாஸ்ரிக் எரிக்கவே கூடாது. இலை குழையும் எரிக்காமல் விடுறதுதான் நல்லம். அயலவருக்கு இடைஞ்சல் எண்டு முறைப்பாடு வந்தால் நடவடிக்கை எடுப்பம்.”

“முறைப்பாடு வராட்டில்?”

அவர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார்.

“அக்கா, நீங்கள் வரமுந்தி எனக்கு எல்லாம் தெளிவாத்தான் இருந்தது.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசனை. கறுத்தக் கொழும்பான் மா பூக்க வேண்டும் என்று மரத்தடியில் புகை போடுகிறோமே, அது குப்பை எரிப்பதா, தோட்ட வேலையா? பின்னேரம் நுளம்புக்கு வேப்பிலைப் புகை போடுகிறோமே, அது சுகாதாரக் குற்றமா, சுகாதார நடவடிக்கையா? கார்த்திகையில் கோயில் வாசலில் கொளுத்துகிற சொக்கப்பனைக்கு யார் முறைப்பாடு கொடுப்பது? ஒன்றுமே பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் பிடித்துக்கொள்ளக் கிடைத்தது: அயலவருக்கு இடைஞ்சல்.

எங்கள் புகை போகிற பக்கத்தில் ஒரே ஒரு வீடுதான். தம்பையா அண்ணையும் இராசமணி அக்காவும். வயதானவர்கள், இரண்டு பேர் மட்டும். அண்ணைக்கு மூச்சிழுப்பு. மருந்தை மூக்கிலும் வாயிலும் அடித்துக்கொண்டு திரிகிறவர். அது எனக்குத் தெரியாததல்ல. அதனால்தானே சனிக்கிழமையில் எரிக்கிறேன்? சனிக்கிழமை காலை இரண்டு பேரும் ஓட்டோ பிடித்து வட்டுக்கோட்டையில் இருக்கும் மகள் கலாவின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஓட்டோ மறையும் வரை நின்றுவிட்டுத்தான் குச்சியை உரசுவேன். என்னைப் போல ஓர் அயலவள் கிடைப்பாளா என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை.

இருந்தாலும் போய் நல்ல செய்தியைச் சொல்லிவிடுவோம் என்று போனேன். அண்ணை முன்விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அக்கா குசினியில்.

“அக்கா, இனி நான் சனிக்கிழமையிலை எரிக்கமாட்டன். அண்ணையின்ரை இழுப்புக்கும் நல்லம்.”

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அக்காவின் முகம் செத்துப்போனது. குசினிக் கதவைச் சாத்தினார்.

“எரியாமல் விட்டிடாதை பிள்ளை.”

“என்ன அக்கா கதைக்கிறியள்? நீங்கள் வீட்டிலை நிக்காத நாள் பாத்தல்லோ நான் எரிக்கிறனான்?”

“நீ எரிக்கிற நாள் எண்டபடியாலைதானே நாங்கள் போறம்!”

அவர்கள் போவதால் நான் எரிக்கிறேன். நான் எரிப்பதால் அவர்கள் போகிறார்கள். ஒரே மதிலின் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு இதை ஒருவரையொருவர் கேட்கவே இல்லை. கேட்டால் மற்றவர் மனம் நோகுமாம்.

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு மெல்லச் சொன்னார்.

“கலா தன்ரை விருப்பத்துக்குக் கலியாணம் முடிச்சவளெல்லே. அவளின்ரை வாசல்படி மிதிக்கமாட்டன் எண்டு இவர் சொன்னவர். பேத்தி பிறந்ததுக்கும் போகேல்லை. நான் அழுதும் பாத்தன். பிறகு ஒரு சனிக்கிழமை, நீ நாள் பாக்கத் துவங்கமுந்தி, உன்ரை புகைக்கு இவருக்கு இழுப்பு வந்திட்டுது. ஓட்டோவிலை ஏத்தி, எங்கை எண்டு சொல்லாமல் வட்டுக்கோட்டைக்கு விடச் சொன்னன். இறங்கினவுடனை முகத்தைத் திருப்பினார். அந்தப் பேத்திப் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிப் பிடிச்சிட்டுது...”

முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“இப்ப சனிக்கிழமை விடிஞ்சால் தானாச் சேட்டைப் போட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு நிப்பார். ‘உவள் பிள்ளை கொளுத்திப்போடுவள், வெளிக்கிடு’ எண்டுவார். மகளைப் பாக்கப் போறன் எண்டு ஒருநாளும் வாயாலை வராது. புகை இல்லையெண்டால் மனிசன் என்னத்தைச் சொல்லிப் போறது?”

“அண்ணையோடை நேரை கதைச்சால் என்ன அக்கா?”

“கதைச்சால் கெட்டுது. பிறகு சாகுமட்டும் போகார்.”

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எரித்தால் சபை சும்மா விடாது. எரிக்காவிட்டால் கலாவுக்குத் தகப்பன் இல்லை. இதை எந்தக் கவுண்டரில் போய்க் கேட்பது?

ஒரு முடிவும் எடுக்காமலே சனிக்கிழமை வந்துவிட்டது. பைகளில் கட்டிய சருகை ஏற்கெனவே அவிழ்த்து வாழையடிக்கும் தென்னையடிக்கும் பரப்பிவிட்டேன். பரப்பிய பிறகும் நெருப்புப்பெட்டியை மடிக்குள் வைத்துக்கொண்டுதான் முற்றம் கூட்டினேன். ஒரு கைப்பிடி சருகு, சும்மா பேருக்கு... என்று மனம் அரித்தது.

அவர்கள் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. தம்பையா அண்ணை வெள்ளைச் சேட்டோடு வெளியே வந்தார். பின்னால் பிஸ்கட் பைக்கற்றோடு அக்கா. அண்ணை வழக்கம் போல என் வளவை எட்டிப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, குவியலைக் காணேல்லை?”

பொய் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை.

“சபை விடாதாம் அண்ணை. இனி எரிக்கிறதில்லை.”

அவர் ஓட்டோவைப் பார்த்தார். என் முற்றத்தைப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த வானத்தைப் பார்த்தார். ஒரு தூசி கூட இல்லாத வானம். அக்கா தலையைக் குனிந்துகொண்டு பைக்கற்றின் விளிம்பை நீவிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் திரும்பப் போகிறார் என்றே நினைத்தேன்.

அண்ணை மெல்லக் கைலேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு அக்காவிடம் திரும்பினார்.

“ஆர் சொன்னது எரிக்கேல்லையெண்டு? நல்லா மணக்குது. உந்தப் புகைக்குள்ளை எனக்கு இருக்கேலாது. ஏறுமப்பா, போவம்.”

ஓட்டோ வட்டுக்கோட்டைப் பக்கம் திரும்பி மறைந்தது. நான் முற்றம், கிணற்றடி, பின்வளவு, ஒழுங்கை எல்லாம் சுற்றி வந்து மணந்து மணந்து பார்த்தேன்.

எனக்குத்தான் ஒன்றும் மணக்கவில்லை. மூக்கு அடைத்த தடிமனாக்கும்!