அத்தையின் குளிரும் கப்பல் குளிரும்

என் அத்தைக்குக் குளிரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அத்தையும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவள் வேலை பார்ப்பது குளிர்க்கிடங்கில். துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஜன்னலே இல்லாத நீளமான கட்டடம் அது. உள்ளே மீனும் கோழியும் பச்சைப் பட்டாணியும் அட்டைப்பெட்டிகளில் கல்லாய் உறைந்து கிடக்கும். கேட்ட பெட்டியைத் தேடி எடுத்து, தள்ளுவண்டியில் ஏற்றி, வெளியே கொண்டுவந்து விடுவது அவள் வேலை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் அங்கேதான் இருக்கிறாள்.

மாமா அதற்கு நேர் எதிர். அவர் பேக்கரியில் அடுப்புக்காரர். ரொட்டித் தட்டுகளை உள்ளே தள்ளி வெளியே இழுத்து, இரண்டு முன்கையிலும் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். வீட்டுக்கு வந்ததும் ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு அதற்குக் கீழே தரையில் படுத்துவிடுவார். அத்தை வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே போய் அதை அணைப்பாள். பாதி நாள் ஒருத்தர் உள்ளே வரும்போது இன்னொருத்தர் வெளியே கிளம்பிக்கொண்டிருப்பார்.

"அடுப்பு வந்தாச்சா?" என்பாள் அத்தை.

"வந்தாச்சு. ஐஸ்பெட்டி கிளம்பியாச்சா?" என்பார் மாமா.

அவருக்கு இன்னொரு பழக்கம் உண்டு. யாராவது வீட்டுக்கு வந்து அத்தையின் வேலையைப் பற்றிக் கேட்டால், அவளை முந்திக்கொண்டு, "அவளுக்கென்ன, ஏசி உத்தியோகம்!" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பாள். ஆனால் ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள்: "உங்க மாமா ஒரே ஒரு தடவ என் பக்கத்துல நின்னு அந்தக் குளிரப் பாக்கணும்டி. அப்புறம் என்ன வேணா சொல்லட்டும்." ஒருமுறை மேஸ்திரியிடம் கெஞ்சி, அவரைக் கிடங்கு வாசல் வரை கூட்டிப்போயிருக்கிறாள். கதவைத் திறந்ததும் மாமா தலையை மட்டும் உள்ளே நீட்டினாராம். பல வருஷமாய் மாவுத் தூசி படிந்த நெஞ்சு. இழுப்பு வந்து அன்று சாயங்காலம் முழுக்க இருமித் தீர்த்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. குளிர் என்றால் அவருக்கு அவ்வளவு பயம்.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கும் வடக்குக் கடலில் போகும் உல்லாசக் கப்பலில் இடம் கிடைத்தது. அவர்கள் மகள், நாங்கள் இன்றைக்கும் பாப்பா என்று கூப்பிடுகிறவள், அந்தக் கப்பலில்தான் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். வேலை செய்கிறவர்கள் வீட்டு ஆட்களைச் சலுகையில் கூட்டிக்கொள்ளலாம். அறையில் மூன்றாவது கட்டில் ஒன்று சும்மா இருந்தது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் குட்டிபோட்ட பூனையாகத் திரிந்துகொண்டிருந்த என்னை அதற்கு அனுப்பிவைத்தார்கள்.

"ஒரு இடத்துல பனிமலை நேரா கடலுக்குள்ள இறங்கி நிக்கும்மா. கப்பல் கிட்ட போய் நிக்கும். நாம எல்லாரும் மேல்தளத்துல நின்னு பாக்கலாம்," என்று பாப்பா போனில் சொன்னாள்.

"நான் கண்ணாடி ஜன்னல் வழியா பாத்துக்கிறேன்," என்றார் மாமா உடனே.

நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவரை அந்த மேல்தளத்தில் தன் பக்கத்தில் நிறுத்தியே தீருவது என்று அவள் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

பெட்டி கட்டும் வேலையை யாரிடமும் கொடுக்கவில்லை. கிடங்கில் கழித்துப்போட்ட கனத்த கோட்டுகள் மூன்றை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவந்தாள். ஒவ்வொன்றும் பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. உள்ளே வைத்து மூடினால் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. என்னை மேலே ஏறி உட்காரச் சொன்னாள். நான் உட்கார்ந்தும் அது மூடவில்லை. மாமாவும் வந்து உட்கார்ந்தார்.

"இதுல என் சட்டைக்கு எங்க இடம்?" என்று கேட்டார் மாமா.

"எந்தச் சட்டை? அந்தத் துவைச்சு நைஞ்சுபோன வலைத்துணியா? அதப் போட்டுக்கிட்டா குளிருக்குப் போவீங்க?"

பாப்பா போனில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். "அம்மா, இங்க இப்ப கோடை. காலைல வெயில் அடிக்கும், மத்தியானம் மழை கொட்டும், திடீர்னு பனிமூட்டம் வரும். ஒண்ணு தடியா வேணாம். மெல்லிசா நாலஞ்சு எடுத்துட்டு வா."

"நீ எனக்குக் குளிர் சொல்லித்தர்றியா? கோடைங்கிறா, குளிருக்கு எடுத்துட்டு வாங்கிறா. எது நிஜம்னு முதல்ல முடிவு பண்ணிக்க," என்றாள் அத்தை.

அவளைக் குறைசொல்ல முடியாது. அவள் பழகிய குளிரில் ஒரே ஒரு சட்டம்தான். உள்ளே போவதற்கு முன்னால் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாவற்றையும் மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டுவிட வேண்டும். உள்ளே போனபின் ஒன்றைக்கூடக் கழற்றக் கூடாது. வேலை முடிந்து வெளியே வந்துதான் கழற்ற வேண்டும். இந்தச் சட்டம் இத்தனை வருஷமாய் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. கப்பலுக்கும் இதுவே போதும் என்று நம்பினாள். மாமா மருந்துப் பையில் இன்ஹேலருக்குக் கீழே எதையோ திணித்துக்கொண்டிருந்ததை மட்டும் நான் பார்த்தேன்.

கப்பலில் முதல்முறை மேல்தளத்துக்குப் போனது எனக்கு மறக்காது. அறைக்குள்ளேயே அத்தை எங்கள் இரண்டு பேருக்கும் எல்லாவற்றையும் மாட்டிவிட்டாள். நடைபாதை முழுக்க வெதுவெதுப்பாகச் சூடேற்றி வைத்திருந்தார்கள். லிஃப்டுக்குக் கூட்டம். மெல்லிய சட்டையோடு நின்றவர்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒரு குழந்தை மாமாவின் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஓடியது.

"அம்மாடி, என் பேக்கரி அடுப்பே தேவல," என்று முனகினார் மாமா. அவர் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"பொத்தானத் தொடாதீங்க!"

மேலே போனால் சுள்ளென்று வெயில். மாமா தாங்க முடியாமல் கோட்டைத் திறந்துவிட்டார். கொஞ்ச நேரம்தான். கப்பல் ஒரு மலையைச் சுற்றித் திரும்பியதும் காற்று கத்தி மாதிரி வந்தது. உள்ளே நனைந்திருந்த பனியன் அப்படியே முதுகில் ஒட்டிச் சில்லிட்டது. பிறகு மழை. கிடங்கில் மழை பெய்யாது, அதனால் அந்தக் கோட்டுகளுக்குத் தண்ணீரைத் தடுக்கத் தெரியவில்லை. குடித்துக்கொண்டே போயின. மாமா இரண்டாய் மடிந்து இருமினார். நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்து அவரைக் கீழே கொண்டுவந்தோம்.

கட்டிலில் உட்கார்ந்து மூச்சு திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இனிமே என்னைக் கூப்பிடாத."

அத்தை தண்ணீர் சொட்டும் கோட்டுகளைக் குளியலறையில் தொங்கவிட்டுவிட்டு, அங்கேயே நின்றாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

வேலைக்கு நடுவில் பாப்பா ஓடிவந்தாள். குளியலறையை எட்டிப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அம்மா! நிலாவுக்கா கிளம்பின?"

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. "நாளைக்குக் காலைல பனிமலைப்பா. எனக்கும் அப்ப வேலை இல்ல," என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க மூணு பேரும் போங்க. நான் இங்க இருக்கேன்," என்றார் மாமா.

"நானும் போகல. எனக்குக் குளிரே தெரியலன்னு ஆயிருச்சு. இத்தன வருஷம் என்னத்தக் கத்துக்கிட்டேனோ," என்றாள் அத்தை. அவள் குரல் உடைந்திருந்தது. அத்தை அழுது நான் பார்த்ததில்லை. மாமாவும் அதிகம் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, இங்க வா. உன் கிடங்குக் குளிர் ஒழுங்கான பிள்ளை. காலைல எப்படி விட்டியோ சாயங்காலமும் அப்படியே உக்காந்திருக்கும். இது சொல்பேச்சு கேக்காத குளிர். நீ என்ன பண்ணுவ?"

பிறகு மருந்துப் பையைக் கவிழ்த்தார். இன்ஹேலரோடு சேர்ந்து நான்கைந்து பனியன்கள், நைந்த பருத்திச் சட்டைகள், ஒரு துண்டு எல்லாம் கட்டிலில் விழுந்தன. அத்தை வேண்டாம் என்று தூக்கிப்போட்ட அதே வலைத்துணிகள்.

"திருட்டுத்தனமா எடுத்துட்டு வந்தீங்களா?"

"பேக்கரியில நான் நாள் முழுக்க இதத்தான் பண்றேன். அடுப்புக்கு முன்னாடி நின்னா ஒண்ணக் கழட்டுவேன். மாவு எடுக்கப் பின்னறைக்குப் போனா ஒண்ண மாட்டுவேன். வேர்க்க விடமாட்டேன், குளிர விடமாட்டேன். பாப்பா சொன்னதும் அதானே?"

"அதேதாம்ப்பா!" என்றாள் பாப்பா. தன்னுடைய மெல்லிய கம்பளிச் சட்டைகளைக் கொடுத்தாள். கூட வேலை பார்க்கிறவர்களிடம் மழைக்கோட்டு இரவல் வாங்கிவந்தாள். மழைக்கோட்டுக்குக் காற்றையும் தடுக்கத் தெரியுமாம்.

அத்தை அவற்றைக் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றாய் விரலால் தடவிப் பார்த்தாள். "இவ்வளவு மெல்லிசு," என்றாள். பிறகு மாமாவைப் பார்த்து, "அப்ப வர்றீங்களா?" என்று கேட்டாள். மாமா துண்டை எடுத்து உதறி மடித்து வைத்தார்.

மறுநாள் காலை வந்தார். நடைபாதையில் பனியனும் சட்டையும் மட்டும். மற்றதெல்லாம் கையில். மேல்தளத்துக் கதவுக்கு முன்னால் நின்று ஒரு கம்பளி. வெளியே காலெடுத்து வைத்ததும் இன்னொன்று. துண்டை மூக்கையும் வாயையும் மூடிச் சுற்றிக்கொண்டார், மூச்சு கொஞ்சம் சூடாகி உள்ளே போகட்டும் என்று. வெயில் வந்தது, ஒன்றைக் கழற்றினார். மூட்டம் இறங்கியது, மாட்டினார். அத்தையையும் விடவில்லை. "அதக் கழட்டு. இப்ப போடு. தலையை மூடு." ரொட்டித் தட்டைத் திருப்பும் வேகம். நான் அவர்கள் பக்கத்தில் நின்று பைக்காரியாக எல்லாவற்றையும் வாங்கி வாங்கிக் கொடுத்தேன்.

அவர் ஒவ்வொரு முறை தொண்டையைச் செருமும்போதும் அத்தையின் கை தன்னையறியாமல் அவர் முதுகுக்குப் போனது. இருமல் வரவில்லை.

மூட்டம் விலகியபோது அது எதிரே நின்றது. பனி என்றால் வெள்ளை என்று நினைத்திருந்தேன். நீலம். மலையளவு நீலம், கடலில் காலை வைத்துக்கொண்டு. அங்கிருந்து வந்த காற்றில் என் பற்கள் தந்தியடித்தன.

மாமா துண்டைக் கொஞ்சம் இறக்கினார். "இந்தக் குளிர்லயா நீ தினம் நிக்கிற?"

இந்தக் கேள்விக்காகத்தான் அத்தை இத்தனை பாடுபட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"இல்லீங்க," என்றாள் அத்தை. "இது எனக்கே புதுசு. அங்க காத்து கிடையாது. வானம் கிடையாது. மிஷின் சத்தம் மட்டும் ஒரே மாதிரி ஓடிக்கிட்டு இருக்கும்."

"அப்ப அது இதவிடப் பரவாயில்லையா?"

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. அது மோசம்."

ஏசி உத்தியோகம் என்ற வார்த்தை மாமா வாயிலிருந்து வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. "மோசம்னா எப்படி? கையில தெரியுமா, கால்லயா?" என்று கேட்டார்.

"முதல்ல மூக்குக்குள்ள முடி விறைக்கும். அப்புறம் கண்ணிமை ஒட்டும். விரல் இருக்கிறதே மறந்துபோகும். வெளிய வந்து சூடு ஏறும்போதுதான் வலி. ஊசி ஊசியா."

"அதான் வீட்டுக்கு வந்ததும் கைய மடியில வெச்சுக்கிட்டே உக்காந்திருப்பியா?"

"ஆமா."

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

மாமா அவள் கைகளைப் பிடித்துத் தன் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். "கிடங்குல பனியில ஒட்டிக்கிட்ட கதவ எப்படித் திறப்ப?" என்று அடுத்ததைக் கேட்டார். உடனே அத்தை கையை வெளியே உருவி, தோளால் எப்படி முட்டவேண்டும், கைப்பிடியில் படிந்த பனியை எந்தப் பக்கம் தட்டவேண்டும் என்று தளத்தோரத் தடுப்புக் கம்பியிலேயே செய்து காட்ட ஆரம்பித்தாள். மாமா குனிந்து கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எதிரே ஒரு வீடளவு பனி பிளந்து இடி மாதிரி கடலில் விழுந்தது. கப்பலே கத்தியது. எல்லோர் கையிலும் போன். பாப்பா குதித்துக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தாள்.

"அப்பா! அம்மா! பாத்தீங்களா?"

"எத?" என்றார் மாமா. அத்தையின் தோள் இன்னும் கம்பியில் முட்டியபடி இருந்தது. "சும்மா இரு பாப்பா. உங்கம்மா கதவத் திறந்துக்கிட்டு இருக்கா."