விரலுறை போட்ட கிட்டார்க்காரர்கள்

அன்றைக்கு எங்கள் லயத்து வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். அம்மா, அப்பா, அம்மாவின் தம்பியான என் மாமா, மாமாவுக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா, சின்னத்துரை பங்களாவில் சமையல் பார்த்த பட்லர், பிறகு நான். சன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஒரே கூரையின்கீழ் வரிசையாக இருந்த லயத்து வீடுகள் முழுவதையும் எழுத வேண்டிவரும்.

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். எனக்கு ஒன்பது வயது. நான் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எழுதுவது சரியாக இருக்குமா என்று ஒவ்வொரு வரிக்கும் பயம் வருகிறது. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை என்பது நிச்சயம். அம்மா அன்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை.

மாமா ஃபாக்டரியில் ஃபிட்டர். அந்த மழைக்காலத்தில் ரோலர் மெஷினில் அவருடைய இடது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிழைத்தன, ஆனால் வளையாமல் குச்சி போல நின்றுவிட்டன. ஃபிட்டர் வேலையை எடுத்துவிட்டு, ஃபாக்டரி மாடியில் வாடப் போட்டிருக்கும் இலையைப் புரட்டப் போட்டார்கள். தை மாதம் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தது. பெண்ணின் அப்பா பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் முப்பது வருஷம் மெஷின் ஓட்டியவர். "கையை ஒருதரம் பாத்துட்டுத்தான் மத்ததைச் சொல்லணும்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் நின்றுபோனால் மாமா என்ன ஆவார், அம்மா என்ன ஆவாள், நாங்கள் எல்லோரும் என்ன ஆவோம் என்று வரிசையாக யோசித்துக்கொண்டே இருப்பேன்.

மாமாவிடம் ஒரு கிட்டார் இருந்தது. குமுளியில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. கை நன்றாக இருந்த காலத்திலேயே அதை அவரால் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. எங்கள் ஊர் மூடுபனி அதன் கழுத்தை வளைத்துவிட்டது. கம்பிகள் பலகையை விட்டு ஒரு விரற்கடை உயரத்தில் நின்றன. அழுத்தினால் கம்பி விரலை அறுக்கும். "விறகுக்கு ஆகும், எடுத்து வைங்க மச்சான்" என்பார் அப்பா.

விபத்துக்குப் பிறகு ஒருநாள் பட்லர் தன் கோட்டுக்குள் ஏதோ மறைத்துக்கொண்டு வந்தார். எஸ்டேட்டின் உதவி மேனேஜரான சின்னத்துரை கல்யாணமாகாதவர், இங்கிலீஷ் இசைத்தட்டுகளில் பைத்தியம். அவர் மலைக்குப் போன நேரத்தில் பட்லர் அவற்றைப் போட்டுக் கேட்பார். பங்களாக் குழாயைச் சரிபண்ணப் போகிற சாக்கில் மாமாவும் சமையல்கட்டில் உட்கார்ந்து கேட்பது வழக்கம். அப்படி அவர்கள் இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு விஷயம் இருந்தது. சில தட்டுகளில் கிட்டார், நாதஸ்வரம் போல வழுக்கிக்கொண்டே போகிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடையில் படியே இல்லை. கம்பியை அழுத்தி வாசித்தால் அப்படி வரவே வராது.

பட்லர் கொண்டுவந்தது அந்தத் தட்டுகளைப் போட்டு வைக்கிற, படம் போட்ட மூன்று அட்டைகள். அட்டைக்காகப் போலீஸ் ஜீப் வருமா என்று நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே மாமாவும் பட்லரும் படங்களைப் பார்த்து ஒன்றும் விளங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த அம்மா ஒரே பார்வைதான் பார்த்தாள்.

"இந்த ஆளு கொழுந்து பறிக்கிறவருதான. வேல முடிஞ்சு விரலுறையக் கழட்டாமலே வாசிக்க உக்காந்துட்டாரு பாரு."

எல்லோரும் குனிந்தோம். கறுத்த, வயசான ஒரு மனிதர். கண்களை மூடியிருந்தார். இடது சுண்டுவிரலில் பளபளவென்று ஒரு குழல். கொழுந்து கிள்ளும்போது விரல் வெடிக்காமலிருக்க எங்கள் பெண்கள் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிக்கொள்வார்களே, அதே போல. மாமா ஃபிட்டர் என்பதால் அம்மாவுக்கு மட்டும் தகரத்தில் செய்து கொடுத்திருந்தார். மற்ற இரண்டு அட்டைகளிலும் குழல் இருந்தது. அமெரிக்காவிலும் தேயிலை எஸ்டேட் உண்டு, அங்கே மலைக்குப் போகிறவர்கள் நம்மைப் போலக் கறுத்தவர்கள், சாயங்காலம் லயத்துக்கு வந்து கிட்டார் வாசிப்பார்கள் என்று அன்றைக்கே எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. பட்லர்கூட மறுக்கவில்லை. அது தவறு, கிட்டார் வாசிப்பதற்கென்றே மாட்டிக்கொள்ளும் குழல் அது என்று எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆனது.

அதன்பிறகு சினிமா நடிகர்களுக்குச் சண்டை போடுவது போல அவர்களுக்காக எங்கள் வீட்டில் சண்டை நடந்தது. பெயர் ஒன்றும் தெரியாது. கண்மூடியார், தொப்பிக்காரர், பரட்டை என்று நாங்களே வைத்துக்கொண்டோம். மாமாவுக்குக் கண்மூடியார்தான். அவர் ஒரு கம்பியிலேயே ஊர்க்கதை முழுவதையும் சொல்லிவிடுவார் என்பார். பட்லர் பரட்டையின் கட்சி. பரட்டை வெள்ளைக்காரப் பையன், தோள்வரை முடி, கரண்டில் வாசிக்கிற கிட்டார்.

"அவன் இழுத்தா பங்களா சன்னல் கண்ணாடி அதிருதுக்கா" என்றார் பட்லர்.

"அதிரட்டும். அது வெயில்ல நின்ன கை இல்ல" என்றாள் அம்மா. அவள் தொப்பிக்காரருக்கு ஆள். ஒரு தட்டைக்கூடக் கேட்டதில்லை, முகத்தைப் பார்த்தே கட்சி சேர்ந்தவள்.

மாமா அம்மாவின் தகர உறையை வாங்கி, வளையாத நடுவிரலில் மாட்டிக் கம்பிமேல் வைத்து இழுத்தார். கறகறவென்று வந்தது. ஆனால் வழுக்கியது. மறுநாள் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டை அறுத்து, விளிம்பை அரத்தால் ராவி, சாம்பல் போட்டுத் தேய்த்துப் புதிதாக ஒன்று செய்தார். இந்த வாசிப்புக்கு விரல் வளையவே வேண்டாம். கம்பியும் உயரத்தில்தான் நிற்க வேண்டும், பலகையைத் தொட்டால் வழுக்காது. பனி கெடுத்த கிட்டாரும் மெஷின் கெடுத்த விரலும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. நான்கு மாதம் தினமும் சாயங்காலம் உட்கார்ந்தார். முதல் மாதம் பக்கத்து வீட்டில் நாய் ஊளையிட்டது. பிறகு அதுவும் பழகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கிட்டாரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். கூத்தாடிப் பையன் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது. நான் என் பங்குக்கு ஒரு துண்டை மடித்து மாமாவிடம் கொடுத்தேன். மடியில் போட்டு அதற்குள் கையை வைத்துக்கொண்டால் தெரியாது என்று நான்தான் சொன்னேன். மாமா சிரிக்கவில்லை, வாங்கிப் போட்டுக்கொண்டார்.

பெண்ணின் அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபாக்டரிக்காரர்களுக்கே உள்ள உரத்த குரல். மழையைப் பற்றிப் பேசினார், போனஸைப் பற்றிப் பேசினார், பார்வை மட்டும் துண்டின்மேலேயே இருந்தது. அப்பா, "டீ எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். 

அப்போது பட்லர், "தம்பி ஒரு பாட்டு வாசிக்கட்டுமே" என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள்.

 மாமா துண்டை எடுத்து மடித்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா பாப்பா, இத உள்ள வை."

கட்டிலுக்கடியிலிருந்து கிட்டாரை இழுத்து மடியில் படுக்க வைத்துக்கொண்டார். குழாய்த் துண்டை விரலில் மாட்டினார். வாசித்தது கண்மூடியாரின் பாட்டு. மேட்டில் ஏறும் பஸ்ஸைப் போல முக்கி முக்கித் தொடங்கி, கொண்டையூசி வளைவில் திரும்பியதும் திடீரென்று பள்ளத்தாக்கு தெரிவது போல விரிந்தது. நாலு மாதமாகக் கேட்ட எனக்கே உடம்பு சிலிர்த்தது. பெண்ணின் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, மாமாவின் கைக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்து உட்கார்ந்துகொண்டார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. அவர் சொக்கிப் போய்விட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.

முடிந்ததும் அவர் மாமாவின் இடது கையைப் பிடித்துத் திருப்பினார். குழாயைக் கழற்றி, விறைத்த விரலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"மழ பேஞ்சா வலிக்கும்."

"இங்க என்னைக்கு மழை இல்ல" என்றார் அவர். எல்லோரும் சிரித்துவிட்டோம். எழுந்து கம்பளியைச் சரிசெய்துகொண்டு, "வர்ற வெள்ளிக்கிழம வந்து பூ வச்சிட்டுப் போங்க" என்றார் அம்மாவிடம்.

நான் அவருக்கு முன்னாலேயே வெளியே ஓடினேன். வரிசையில் இருந்த எல்லா வீட்டு வாசலிலும் நின்று, எங்கள் மாமா வாசித்த வாசிப்புக்கே பெண் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். யாராவது நம்பாவிட்டால் இன்னொரு தரம் சொன்னேன். அதைவிடப் பெருமையாக நான் எதையும் சொன்னதில்லை, பிற்பாடும் சொன்னதில்லை.

நான் பெரியவளாகி, என் கல்யாணப் பேச்சு நடந்த சமயத்தில் மாமியிடம் இந்தக் கதையை எடுத்தேன். மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவுக்குப் பாட்டு எங்க கேட்டுச்சு" என்றாள். "மெஷின் சத்தத்துல அவருக்கு ரெண்டு காதும் அப்பவே போயிருச்சு. பக்கத்துல உக்காந்து உதட்டப் பாத்தாத்தான் பேசுறது புரியும். அவரு பாத்தது கையத்தான். வந்து எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. பயலுக்குக் கையப் பத்தி வெக்கம் இல்ல, நீ தைரியமா கட்டிக்கோ, அப்படின்னாரு."

அந்தப் பாட்டு முழுவதும் நான் மாமாவின் முகத்தையும் அவருடைய வலது கையையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கைப் பக்கம் என் கண் போகவே இல்லை.