சர்வரை நிறுத்தச் சொன்ன சிஸ்டர்

ஹைதராபாத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. கணினிக்குக் கட்டளை கொடுக்கும் ஷெல் மென்பொருளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக ஒரு நாள் காலையில் எச்சரிக்கை வந்தது. அதை அடைக்க சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். சண்டைக்குத் தயாராகத்தான் அவசரப் பிரிவுக்குப் போனேன்.

தலைமை நர்ஸ் இங்கேயே ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழர். "நிறுத்தலேன்னா?" என்று கேட்டார்.

"வெளியாள் உள்ள புகுந்து மருந்து அளவையே மாத்திடலாம், சிஸ்டர்."

"அப்ப நிறுத்து தம்பி. நாங்க கையால எழுதிக்கிறோம்."

ஓட்டையை அடைத்துவிட்டேன். ஆனால் மருந்துச் சீட்டு மென்பொருள் திறக்கவில்லை. அதற்குள் விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நான் சிஸ்டரிடம் ஓடினேன்.

"பழையபடியே மாத்திடட்டுமா, சிஸ்டர்?"

"ஓட்டை திரும்பத் திறந்துக்குமா?"

"ஆமா."

"அப்ப நக்கோ," என்றார் ஹைதராபாத் பேச்சில். "வேண்டாம். நீ நிதானமா முடி. பேஷண்டை நான் பாத்துக்கறேன்."

திரும்பக் கணினி முன் உட்கார்ந்தேன். மருந்துச் சீட்டு மென்பொருளில், ஓட்டை அடைத்த புதிய ஷெல் ஏற்க மறுத்த ஒரு கட்டளை வரியைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். மென்பொருள் திறந்தது. அடிபட்டவரும் பிழைத்துக்கொண்டார்.

கணினியைப் பயன்படுத்துபவர்களை அதுவரை என் வேலைக்கு இடைஞ்சலாகவே நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் எந்தத் திருத்தத்துக்கு முன்பும் வார்டுக்குப் போய், ஆபத்து என்னவென்று அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.